நார்த்தூளில் பழுத்த பழம்

ஸ்ட்ராபெரியைக் காம்புப் பக்கத்திலிருந்து கடிக்க வேண்டும். இனிப்பு நுனியில்தான் இருக்கும். கடைசி வாய் இனித்தால் பழம் முழுக்க இனித்தது போலிருக்கும். எங்கள் ஊர் நோன்சானில் இது குழந்தைக்கும் தெரியும்.

உட்காருங்கள். தொட்டித் தண்ணீரைச் சோதனைக்கு எடுத்துப் போனபோதே வேளாண் அலுவலகத்திலிருந்து யாராவது திரும்பி வருவீர்கள் என்று நினைத்தேன்.

என் மருமகள் குயென் வியட்நாமிலிருந்து கொரியாவுக்குக் கல்யாணமாகி வந்தவள். குறை சொல்ல எதுவுமில்லை. கிம்ச்சி என்னைவிட நன்றாகப் போடுவாள். ஆனால் அப்படி வந்த பெண்களில் சிலர், ஊருக்குப் போய்வருகிறேன் என்று போனவர்கள் திரும்பவில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதனால் கவனித்துக்கொண்டே இருந்தேன். அவள் தன் அம்மாவிடம் போனில் பேசும்போது கதவருகே நிற்பேன். மொழி புரியாது. சிரித்தால் எதற்கு என்று யோசிப்பேன். அழுதால் இன்னும் யோசிப்பேன்.

அந்த அம்மா படுக்கையில் விழுந்தாள். என் மகன் ஜேகியு ஒரு பசுமைக்குடிலை இவளிடம் விட்டான். "முதல் பறிப்பு நல்லா வரட்டும், டிக்கெட் எடுத்துத் தர்றேன், போய்ப் பாத்துட்டு வா."

அவள் மண்ணே வைக்கவில்லை. இடுப்புயர மேடையில் தேங்காய் நார்த்தூள் பைகளை அடுக்கி நட்டாள். உப்புப் போக நார்த்தூளைக் கழுவும்போது முகர்ந்து, "எங்க ஊர் வாசனை அத்தை" என்றாள். அதையும் மனதில் வைத்துக்கொண்டேன்.

பக்கத்துத் தோட்டத்து ஜம்ரே சிரித்தாள். "மண்ணத் தொடாத பழம் தண்ணியாத்தான் இருக்கும்க்கா. குனியாம பறிக்கலாம், அவ இடுப்புக்கு நல்லது. நம்ம நாக்குக்கு என்ன லாபம்?"

நானும் அப்படித்தான் நம்பினேன். நிம்மதியாக இருந்தேன்.

என் மண்பாத்திக்கு முன்பே அவள் பைகள் காய்த்தன, கூடுதலாகவும் காய்த்தன. முதலில் சிவந்த பழத்தை எனக்குத்தான் கொண்டுவந்தாள். "சொல்லுங்கத்தை, தண்ணியாவா இருக்கு?"

என் பழத்தைவிட இனித்தது. "பரவாயில்ல" என்றேன். பயம் அப்போதுதான் வந்தது.

மண்ணில் ஒரு செடி அழுகினால் அடுத்ததற்குப் பரவ நாளாகும். அவள் மேடையில் அப்படியில்லை. பைகளில் வடிகிற தண்ணீர் தொட்டிக்கு வந்து மறுபடி எல்லாச் செடிக்கும் போகும். இது நீங்கள் வந்து சொல்லிக்கொடுத்ததுதான். என் பாத்தியில் வேரழுகி வாடிய செடி ஒன்று இருந்தது. அதைப் பிடுங்கி அவள் தொட்டியில் வேரை அலசினேன். ஒரே ஒரு செடி.

குடில் முழுக்கச் செடிகள் வாடிச் சாய்ந்தன. "நார ஒழுங்கா கழுவலியா? உப்பு வெச்சே கொன்னுட்டியே" என்று ஜேகியு கத்தினான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அத்தை, நீங்க பாத்தீங்கல்ல, எத்தனை தடவ கழுவினேன்னு. சொல்லுங்கத்தை."

"நான் எங்க பாத்தேன்?" என்றேன்.

டிக்கெட் பேச்சு அதோடு நின்றது. தன் அம்மாவின் அடக்கத்தை அவள் போன் திரையில்தான் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

நான்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவளிடம் சொல்லத்தான் வேண்டுமா என்று மட்டும் யோசியுங்கள். பாவம், பெற்றவளும் போய்விட்டாள். இனி அவளுக்கு அம்மா என்று இருப்பது நான் ஒருத்திதான்.