இடது கை இல்லாத இளவரசன்

“கிளிக்குள்ள உசிர ஒளிச்சு வச்ச ராட்சசன், அத எதுக்கு ஆன்ட்டி இன்னொருத்தர்கிட்ட சொன்னான்?” என்று டானியலா ஒருமுறை என்னிடம் கேட்டாள். எட்டு வயதுப் பிள்ளை. என் வீட்டுச் சோபாவில் கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு பிஸ்கட்டை மைலோவில் நனைத்துக்கொண்டிருந்தாள்.

“தனியா இருக்கறவங்களுக்கு யார்கிட்டயாவது சொல்லணும்னு தோணும்மா,” என்றேன். பிள்ளைகளிடம் நான் பொய் சொல்வதில்லை.

என் பெயர் அல்போன்சம்மாள். சிங்கப்பூரில் தேக்காவை ஒட்டிய அடுக்குமாடியில் ஒன்பதாம் மாடியில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறேன். எதிர்வீட்டில் சுசீலாவும் மகள் டானியலாவும். சுசீலாவின் கணவர் இறந்து நான்கு வருடமாகிறது. அவள் வேலையிலிருந்து திரும்பும்வரை பிள்ளை என்னிடம்தான் இருக்கும். என்னால் முடிந்த சின்ன உதவி.

சுசீலா ‘கிளிக்கோட்டை’ என்ற தொலைக்காட்சித் தொடருக்கு உடை தைப்பவள். பழைய ராஜா ராணிக் கதைகளை ஒன்றாகக் கோத்து எடுத்த தொடர். பூன் லேயில் ஒரு கிடங்கையே அரண்மனையாக மாற்றியிருந்தார்கள். தீராத வேலையை அவள் கறுப்புப் பையில் வீட்டுக்குக் கொண்டுவருவாள். நான் பொத்தான் தைத்துக் கொடுப்பேன். கதையைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை. வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். நானும் கேட்டதில்லை.

ஆனால் துணி பேசும். இளவரசியின் பாவாடை இடுப்பை நான்கு அங்குலம் பிரித்துவிடச் சொன்னால், அரண்மனையில் தொட்டில் கட்டப் போகிறார்கள். தளபதியின் அங்கியில் நெஞ்சுக்கு நேரே ஓட்டை போட்டு ஓரத்தைக் கருக்கச் சொன்னால், அவன் இன்னும் ஒரு வாரம்தான் இருப்பான்.

டெலிகிராமில் அந்தத் தொடரின் ரசிகர் குழு ஒன்று இருக்கிறது. நானூறு பேர். அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று ஆளாளுக்கு ஊகம் எழுதுவார்கள். நானும் எழுதினேன். பெருமை பாவம் என்பதால் என் பெயரைப் போடவில்லை. ‘வெள்ளிச்சிறகு’ என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் ‘இது என் ஊகம் மட்டுமே’ என்று முடிப்பேன். ஊகம் பொய்யாகாது.

“வெள்ளிச்சிறகு சொன்னா நடக்கும் லா!” என்று எழுதினார்கள். சிவானி என்ற பெண்ணுக்கு மட்டும் சந்தேகம். “பாஸ், இது ஊகமா, இல்ல உளவா?” என்று கேட்டாள். அதன்பிறகு குழுவில் எல்லாரும் எல்லாரையும் சந்தேகப்பட்டார்கள். உள்ளே யாரோ இருக்கிறார்கள், கேமராக்காரன் மச்சானாம், மேக்கப் பெண்ணின் தோழியாம். நானும் ஒன்றிரண்டு பேரைச் சந்தேகப்பட்டு எழுதினேன். எழுதாமல் இருந்தால் தனியாகத் தெரியும் அல்லவா.

இந்தப் பேச்சு தொடரை எடுக்கும் நிறுவனத்தின் காதுக்குப் போயிற்று. சுசீலா பயந்து, பை கொண்டுவருவதை நிறுத்தினாள். அடுத்த மூன்று வாரமும் என் ஊகம் தவறிப் போனது. “பாஸோட கிளி பறந்துருச்சு போல,” என்று சிவானி எழுதினாள். எண்பத்தேழு பேர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அன்று ஒரு ஜெபமாலை கூடுதலாகச் சொன்னேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை சுசீலா பையோடு வந்தாள். ஊசி ஏறி விரல் வீங்கியிருந்தது. உள்ளே இளவரசனின் சட்டை. இடது கையை முழங்கைக்கு மேலே மடித்து மூடித் தைக்க வேண்டும். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தைத்துக் கொடுத்தேன். சுசீலா போகும்போது இன்னொன்றும் சொன்னாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

புதன்கிழமை எழுதினேன்: ‘இளவரசன் இடது கையை இழப்பான். இது என் ஊகம் மட்டுமே.’

வெள்ளிக்கிழமை சுசீலாவின் வேலை போயிற்று. நேராக என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

“அந்தச் சட்டையப் பாத்தது நீங்க, நான், டானி. மூணே பேரு. யார் அக்கா சொல்லியிருப்பா?”

என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள்.

“பிள்ளைய அடிச்சுடாத சுசீலா,” என்றேன். “பள்ளியில கூட்டாளிகிட்ட வாய் தவறிச் சொல்லியிருக்கும். மன்னிச்சுடு.”

டானியலா சொன்னாள் என்று நான் சொல்லவில்லை. மன்னிக்கத்தான் சொன்னேன்.

சுசீலா அடிக்கவில்லை. கேட்டாள். இரண்டு நாள் பிள்ளை இல்லை இல்லை என்று அழுதாள். மூன்றாம் நாள், “ஆமா, நான்தான் சொன்னேன்,” என்றாள். அதன்பிறகு சுசீலா அவளோடு பேசவில்லை. சாங்கியில் சரக்குக் கிடங்கில் ஷிஃப்ட் வேலை கிடைத்ததும், பிள்ளையைக் காத்தோங்கில் இருக்கும் தன் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட முடிவு செய்தாள். என்னிடம் விடுகிறாயா என்று நான் கேட்டேன். “வேணாங்க்கா. உங்களுக்கும் சிரமம் வச்சிருவா,” என்றாள்.

போகிற அன்று பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு டானியலா விடைபெற வந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“ஆன்ட்டி, நான் யார்கிட்ட சொன்னேன்னு எனக்கு ஞாபகமே வர மாட்டேங்குது. உங்களுக்குத் தெரியுமா?”

“பரவால்லம்மா. உண்மைய ஒத்துக்கிட்டல்ல, அது போதும்,” என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். கையில் ஒரு சாக்லெட்டும் கொடுத்தேன்.

சுசீலா சொன்ன இன்னொன்று இதுதான்: “மூணு தையல்காரங்களுக்கு ஆளுக்கொரு சட்டை குடுத்திருக்காங்க அக்கா. ஒருத்தரோடத ஒருத்தர் பாக்கக்கூடாதாம். எதுக்குன்னே புரியல.”

அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இத்தனை சூழ்ச்சிக் கதை பார்த்தவளுக்கு அது புரியாமல் போகாது. ஒவ்வொரு சட்டையும் வேறு மாதிரி இருக்கும். ‘இடது கை’ என்று வெளியே வந்தால் அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். ஆனால் மூன்றில் ஒன்று மெய்யாகவும் இருக்கலாம். சிவானிக்கு ஒரு முறை பதில் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது. எல்லாம் தெரிந்துதான் எழுதினேன். அடுத்த பாகத்தில் இளவரசன் இரண்டு கைகளோடும் வந்தான்.

சுசீலாவுக்கு நான் கெடுதல் நினைத்ததில்லை. முன்பெல்லாம் ஞாயிறும் வேலை என்று பூசைக்கு வராமல் இருந்தவள், இப்போது தவறாமல் வருகிறாள். கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருப்பாள்.

நான் சுமக்க வேண்டியதை டானியலா சுமந்தாள். அந்தக் கடனை அப்படியே வைத்திருக்க எனக்கு மனமில்லை. போன சனிக்கிழமை மதியம் கோயிலில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். அவள் பெயரைச் சொல்லி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அது எரிந்து முடியும்வரை முழங்காலில் இருந்தேன். யாரும் பார்க்கவில்லை, நன்மையை மறைவில்தான் செய்ய வேண்டும்.

எழுந்தபோது மனம் லேசாக இருந்தது. செய்யாததைச் செய்தேன் என்று அம்மாவிடம் பொய் சொன்னாளே, அந்தப் பாவத்துக்காக அந்தப் பிள்ளையையும் மன்னித்துவிட்டேன்.