காலி டப்பாவின் மூடி

டீ ஆறுகிறது அம்மா, முதலில் அதைக் குடித்துவிடுங்கள். காலையிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், நாஷ்டா கூடச் சாப்பிட்டிருக்கமாட்டீர்கள். இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிர்க்கடையில் இஞ்சி தட்டிப் போடுகிறான், நன்றாக இருக்கும். நான் எங்கும் ஓடிப்போகமாட்டேன். நிதானமாகச் சொல்கிறேன்.

பெயர் குணசுந்தரி. சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பு. ஆனால் கேட்டில் போய் குணசுந்தரி என்று விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. காலி டப்பா மேடம் என்று சொல்லுங்கள், வாட்ச்மேனே கூட்டிக்கொண்டு வந்து விடுவார். சாமான் வந்த பெட்டியை நான் வீசுவதில்லை, அதனால் வந்த பெயர்.

வீசாததற்குக் காரணம் உண்டு. கம்ப்யூட்டருக்கு ஒரு மென்பொருள் வாங்கினால் கூடவே ஒரு கீ தருவார்கள். கையில் பிடிக்கிற சாவி இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்து கோத்த ஒரு வரி. அதை அடித்தால்தான், இவர்கள் முறையாக வாங்கியவர்கள் என்று மென்பொருள் நம்பி முழுவேலையும் செய்யும். அடித்த கம்ப்யூட்டரோடு தன்னை முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அந்தக் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டால், புதிதில் மறுபடியும் அதே வரியை அடிக்கவேண்டும். அந்த வரி பெரும்பாலும் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். வேலை முடிந்த பெட்டியை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? நான் பார்ப்பேன்.

தொலைந்தால் விற்ற கம்பெனிக்கு எழுதலாம். பில் கேட்பார்கள். வாங்கும்போது எந்த மெயில் முகவரி கொடுத்தீர்களோ அதிலிருந்தே எழுதுங்கள் என்பார்கள். எங்கள் ஆலையில் அது பழைய மேனேஜர் சுப்பராயன் சார் பெயரில் இருந்தது. அவர் ஓய்வுபெற்றதும் அதை மூடிவிட்டார்கள். அப்புறம் இருப்பது இரண்டே வழி. புதிதாக வாங்க வேண்டும், இல்லையென்றால் பழைய பெட்டியைத் தேட வேண்டும்.

எங்கள் உலையில் எரிகிற வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை, ஆனால் விஷம். அதன் வால்வுகள் தரைக்குக் கீழே ஒரு குழியில் இருக்கின்றன. குழிக்குள் ஒரு சென்சார் உண்டு. வாயு கசிந்தால் அது கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டருக்குச் சொல்லும், கம்ப்யூட்டர் சைரனை ஊதும். ஊதினால் இறங்கக்கூடாது, ஊதாவிட்டால் இறங்கலாம். எங்கள் ஆட்கள் அதை நம்பித்தான் இறங்குகிறார்கள்.

அந்த சைரன் ஏற்பாட்டை மாட்டிய அன்று நான் பெட்டியோடு பக்கத்தில் நின்றிருந்தேன். கீ அடிக்காதபோதும் திரையில் எண்கள் ஓடின, சைரன் மட்டும் ஊதவில்லை. கீ அடித்த பிறகு ஊதியது. இரண்டையும் வந்த இன்ஜினியர் சோதித்துக் காட்டினார். பார்த்தவர்கள் சுப்பராயன் சாரும் நானும்தான். அவர் போய்விட்டார்.

புது மேனேஜர் மோகன்ராஜ் சார் வந்ததும் என் ஸ்டோர்ஸைத்தான் முதலில் சுத்தம் செய்தார். வாசலில் எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு, "இன்னா மேடம், மியூசியம் வெச்சி நடத்திகினு கீறீங்க? டிக்கெட் போட்டா வசூல் ஆவும் போல," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒவ்வொன்றாக அடுக்கி வைத்த பெட்டிகளைக் காலால் தள்ளிக் காயலான் வண்டியில் ஏற்றினார்கள். சார், அதில் கீ எல்லாம் இருக்கிறது என்றேன். "கீ மாட்ட ஆணி வாங்கித் தரேன் மேடம்," என்றார். மறுபடியும் சிரிப்பு.

வண்டி கிளம்புமுன் சைரன் பெட்டியின் மூடியை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டேன். யாரும் கவனிக்கவில்லை. அப்போதே கொடுத்திருக்கலாம் என்பீர்கள். இவ்வளவு சிரித்தார்களே, கொஞ்சம் அடங்கட்டும் என்று இருந்தேன்.

அப்புறம் மழைக்காலத்தில் இடி விழுந்து கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டர் கருகிவிட்டது. புதியது வந்தது. அது கீ கேட்டது. பெட்டி காயலான் கடைக்குப் போய்விட்டது என்று அவர்களே முடிவுகட்டிக்கொண்டார்கள். மோகன்ராஜ் சார் திரையைப் பார்த்துவிட்டு, "நம்பர் வருதில்ல, போதும். எங்க ஊட்டு கம்ப்யூட்டர்ல கூடத்தான் கீ போடு, கீ போடுன்னு பேஜாரு பண்ணிகினே இருக்குது. மூடிட்டு வேலைய பாருங்க," என்றார். இருந்தாலும் வாயைத் திறந்தேன். "சார், அந்த சைரன்..." என்றேன்.

"மேடம், புது கீக்கு ஹெட் ஆபீசுக்கு எழுதிட்டேன். நீங்க போய் கிளவுஸ் எண்ணுங்க."

சரி என்று போய் எண்ணினேன். ஒரு வார்த்தை அம்மா. மேடம், உங்களிடம் இருக்கிறதா என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே எடுத்து நீட்டியிருப்பேன். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் நான் யாருக்கும் எதையும் இல்லை என்று சொன்னவள் கிடையாது.

சாம்சனைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த வால்வுக் குழியில் இறங்கி வேலை பார்ப்பவன், தங்கமான பிள்ளை. பொன்னேரியில் நானும் அவனும் ஒரே ரயிலில் ஏறுவோம். எனக்கு இடம் பிடித்து வைப்பான். "வா யக்கா, காலி சீட்டு ஒண்ணு கீது, காலி டப்பாவுக்கு கரெக்டா இருக்கும்," என்பான். அவன் சொன்னால் எனக்குக் கோபம் வராது. என் டப்பாவிலிருந்து பாதி இட்லி அவனுக்குத்தான். அவன் மனைவி ஹெலன் கொடுத்தனுப்பும் கருவாட்டுக் குழம்பு எனக்கு.

சம்பவம் நடந்த அன்றைக்கு நான் கிளவுஸ் கொடுக்கக் கன்ட்ரோல் ரூமுக்குப் போனேன். ஆபரேட்டர் டீ குடிக்கப் போயிருந்தார். திரையில் குழியின் எண் சிவப்பாகி ஏறிக்கொண்டிருந்தது. சைரன் ஊதவில்லை. ஜன்னலுக்கு வெளியே சாம்சன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு குழிப்பக்கம் நடந்துகொண்டிருந்தான். நடுவில் நின்று ஒருமுறை காது கொடுத்துக் கேட்டான். ஊதுகிறதா என்று பார்த்திருக்கிறான். நல்ல பழக்கம்.

பக்கத்துக் கண்ணாடி அறையில் மோகன்ராஜ் சார் போனில் பேசிக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பினால் போதும், திரை தெரியும். திரும்புவார், ஓடி வருவார், இப்போதாவது என்னிடம் கேட்பார் என்று நினைத்தேன். நேரம் வீணாகக்கூடாது என்று மூடி அட்டையைக் கையில் எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் திரும்பவில்லை. சாம்சன் இறங்கினான்.

கத்தியிருக்கலாமே என்கிறீர்கள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. கத்தினால், காலி டப்பாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அதற்கும் சிரித்திருப்பார்கள். நீங்கள் சிறுபெண், அப்படிச் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு ஒரு இடத்தில் வேலை பார்த்திருக்கமாட்டீர்கள்.

பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணியில் சாம்சனின் அடக்கத்துக்குப் போனேன். ஹெலன் என் மடியில்தான் படுத்து அழுதாள். நான்தான் தண்ணீர் கொடுத்து, தலைவாரி விட்டு, கல்லறை வரைக்கும் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன். மேனேஜர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவரைத்தான் நீங்கள் பிடித்திருக்கிறீர்கள், அது நியாயம்தான்.

யாருமே என்னிடம் கேட்கவில்லை என்று எழுதிக்கொண்டீர்களா? அதில் ஒரு சின்னத் திருத்தம். சாம்சன் கேட்டான். அன்று காலையில், ரயிலில்.

"யக்கா, அந்த சைரன் டப்பா மெய்யாலுமே காயலானுக்கு பூட்சா? நீ எதையும் தூக்கிப் போடமாட்டியே. உங்கிட்ட கீதுன்னா குடுக்கா, நானே போய் அடிச்சி வுட்டுர்றேன். சைரன் இல்லாம குழில எறங்க பயமாக்கீது."

அவனுக்கு மட்டும் சந்தேகம் இருந்திருக்கிறது. என்னிடம் இல்லை சாம்சன் என்றேன். "அப்ப இன்னைக்கு ஊதுதா இன்னான்னு யாரையாச்சும் கேட்டுட்டுத்தான் எறங்கணும்," என்றான். அதெல்லாம் ஊதும், இறங்கு என்றேன். சரிக்கா என்று இட்லியைச் சாப்பிட்டான். அவன் கேட்டான் என்பதற்காகக் கொடுத்துவிட முடியுமா அம்மா? அது அவன் கேட்கவேண்டியது இல்லையே.

அந்த மூடியை எங்கேயும் தேடவேண்டாம், இங்கேதான் இருக்கிறது. கழுத்தில் தொங்குகிறதே கம்பெனி ஐ.டி. கார்டு, அதற்குப் பின்னால் மடித்துச் செருகியிருக்கிறேன். ரயிலில் அவன் கேட்டபோதும் இங்கேதான் இருந்தது. கையை எடுங்கள் அம்மா, நீங்கள் பிடுங்கவேண்டாம். மோகன்ராஜ் சார் பக்கத்து அறையில்தானே இருக்கிறார்? அவரை வந்து ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். உடனே கொடுத்துவிடுகிறேன்.