பதிமூன்றில் ஒரு புகை குறைந்தது

பெயர்: ஷர்க்கி. தகப்பனார் பெயர்: கத்தூர். வயது: ஐம்பத்திரண்டு. தொழில்: துப்பாக்கி பழுதுபார்த்தல். இருப்பிடம்: தாட்லா சமவெளி, வாரச்சந்தைத் திடலின் பின்புறம், லாடம் அடிப்பவர் கடைக்கு அடுத்த கதவு.

மேற்படி ஷர்க்கியாகிய நான், ஒருவரும் மிரட்டாமல், ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல் கூறுவதாவது:

கையில் விரல்கள் போன ஜிலாலி என் மனைவி யாம்னாவின் தம்பி, வயது இருபத்தேழு. ஹாஜி அல்லாலின் குதிரைக் குழுவில் இந்த வருடம்தான் அவனுக்கு இடம் கிடைத்தது. இதை எழுதிக்கொள்ளும் அதிகாரி வட நகரத்துக்காரர் என்பதால் சொல்கிறேன். பதிமூன்று பேர் ஒரே வரிசையில் குதிரையை விரட்டி வந்து, தலைவர் குரல் கொடுத்ததும் குண்டு போடாத வெறும் வெடிமருந்தை வானத்தைப் பார்த்து வெடிப்பார்கள். பதிமூன்றும் ஒரே வெடியாகக் கேட்க வேண்டும். ஒன்று பிந்தினாலோ வெடிக்காதது தெரிந்துபோனாலோ அந்த ஆளின் பெயர் அடுத்த திருவிழா வரை சந்தைக்குச் சந்தை நாறும். ஹாஜி அவனைக் குழுவிலிருந்தும் எடுத்துவிடுவார்.

குதிரையை ஆறு மாதம் அலைந்து வாங்கியவன், துப்பாக்கியை அரை மணி நேரத்தில் வாங்கி வந்தான். கட்டை முழுக்க ஒட்டக எலும்புப் பூவேலை. உள்ளே இருந்ததெல்லாம் தகரக் குப்பை. முற்றத்தில் வைத்துப் பத்து முறை விசையை இழுத்ததில் மூன்று முறை வெடித்தது.

"மச்சான், பாக்க எப்படி மின்னுது பாருங்க!" என்றான்.

"பாக்குறதுக்கு வாங்குனியா, வெடிக்கிறதுக்கு வாங்குனியாடா?" என்றேன்.

அதன் பின்பு அந்தத் தரித்திரத்தோடு பதினொரு நாள் மல்லுக்கட்டினேன். ஸ்பிரிங்கில் உயிரே இல்லை, மாற்றினேன். மாற்றியதும் சுத்தி, அடிபட்டுப் பொறி கொடுக்கும் கேப்பின் நடுவில் விழாமல் ஓரத்தில் விழுந்தது, அதை அராவிச் சரிசெய்தேன். அதன் பின்பு கேப்பு வெடித்தும் நெருப்பு உள்ளே போகவில்லை. பார்த்தால் நெருப்பு மருந்துக்குப் போகும் துளையைப் பாதிதான் துளைத்திருந்தான் அந்தப் புண்ணியவான். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று பல்லைக் காட்டியது. ஏழாம் நாள் அதைத் தூக்கி மூலையில் வீசினேன். என் மனைவி எடுத்துத் துடைத்து மறுபடி மேசையில் வைத்தாள்.

"ஹாஜியோட துப்பாக்கின்னா வீசுவீங்களா? என் தம்பியோடதுன்னா உங்களுக்கு இளக்காரம்" என்றாள்.

பதினொன்றாம் நாள் இருபது முறை இழுத்தேன், இருபதும் வெடித்தது. அன்று தேநீர்க் கடையில் உட்கார்ந்து இதை எல்லோரிடமும் பெருமையடித்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஜிலாலியிடம் துப்பாக்கியைக் கொடுக்கும்போது குழாய் சுமார்தான், ஒரு அளவு மருந்துதான் தாங்கும் என்று சொன்னேன். வெடிக்காவிட்டால் அதன் மேல் மருந்து போடாதே, வாயை மேலே தூக்கிப் பிடித்து நேராக என்னிடம் கொண்டு வா, உள்ளே மருந்து மிச்சம் இருக்கிறதா என்று குழாயில் கம்பி விட்டுப் பார்க்கிறேன் என்றும் மூன்று தடவை சொன்னேன்.

திருவிழாவின் இரண்டாம் நாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் ஓட்டம் தொடங்கியது. நான் கம்பியோடு, கூட்டத்தைத் தடுக்கும் கயிற்றோரம் நின்றேன். முதல் ஓட்டத்தில் ஹாஜி குரல் கொடுத்தார், ஒரே வெடி. ஜனம் ஆர்ப்பரித்தது, பெண்கள் குலவையிட்டார்கள். பதிமூன்றில் ஒன்று வெடிக்காவிட்டால் காதுக்குத் தெரியாது. நான் புகையை எண்ணுகிறவன். பன்னிரண்டுதான் இருந்தது.

உடனே கயிற்றைத் தாண்டி ஓடி, யாருடையது வெடிக்கவில்லை என்று கேட்டேன். ஹாஜி, "ஏன் ஷர்க்கி, நல்ல நாளும் அதுவுமா கண்ணு வைக்கிற? தேனு மாதிரி ஒரே வெடி!" என்றார். நான் ஜிலாலியின் குதிரையைப் பிடித்துக்கொண்டு, "குடுடா, கம்பி விட்டுப் பாத்துடறேன்" என்றேன்.

அவன் குனிந்து என் காதோரம், "வெடிச்சிடுச்சு மச்சான். இத்தன பேர் முன்னால கம்பி விட்டு என் மானத்த வாங்காதீங்க" என்றான்.

நான் கடிவாளத்தை விட்டேன். அவனுக்காக மட்டும் விடவில்லை. இருபதுக்கு இருபது என்று ஊரெல்லாம் சொன்ன வாய் என்னுடையது. அதனால் தூசியில் தவறாக எண்ணியிருப்பேன் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

அதன் பின்பு எல்லோரோடும் சேர்ந்து அவனும் மருந்து போட்டான். பழைய மருந்தின் மேல் புது மருந்து. இரண்டாம் ஓட்டத்தில் என் வேலை தவறவில்லை, முதல் அடியிலேயே பற்றியது. குழாய் கிழிந்து இடது கையில் மூன்று விரல்கள் போயின. குதிரை கழுத்தில் இரத்தத்தோடு கூட்டத்துக்குள் பாய்ந்தது.

நான் துப்பாக்கியைக் கெடுத்துவிட்டேன் என்று ஹாஜி புகார் கொடுத்திருக்கிறார். நேற்று மருத்துவமனையில் ஜிலாலி என்னிடம், "மச்சான், ரிப்பேர் சரியில்லன்னே சொல்லிடுங்க. மொத ஓட்டத்துல வெடிக்கலன்னு மட்டும் சொல்லிடாதீங்க. விரல் போனா போகட்டும். பொய் சொன்னான்னு ஹாஜி காறித் துப்புனா நான் எப்படித் தலை காட்டுவேன்?" என்றான். என் மனைவி கட்டிலின் அந்தப் பக்கம் நின்று, "சொல்ல மாட்டீங்கல்ல?" என்றாள். சொல்லாவிட்டால் என் உரிமம் போகும், எனக்குச் சிறையும் கிடைக்கும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினொரு நாள் உயிரைக் கொடுத்தவன் நான், கெட்ட பெயரும் எனக்கேவா? எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

நடந்ததை இங்கே சொல்லிவிட்டேன். இதை வாசிக்கும்போது குழுவினரை வெளியே அனுப்ப முடியுமா என்று கேட்டேன். நீதிமன்றத்தில் எல்லோர் முன்னிலையிலும்தான் வாசிக்கப்படும் என்று அதிகாரி சொன்னார். அப்படியானால் முதல் ஓட்டத்தைப் பற்றிய வரியை அடித்துவிடலாமா என்று கேட்டேன். அடிக்கலாம், ஆனால் அதன் பின்பு குற்றம் உங்கள் மேல்தான் நிற்கும் என்றார். பேனாவை வாங்கி அந்த வரியின் மேல் வைத்தேன். அடிக்கவில்லை.

மேலே எழுதியவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னபடியே இருக்கின்றன, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ஷர்க்கி, கத்தூர் மகன்