அக்காவுக்கு ஒரு வாய்

பின்னேரம் மூன்று மணி. மூன்று மணி என்றால் நம்பமாட்டீர்கள், அப்படி ஓர் இருட்டு. மார்கழி மாரி. வாழைச்சேனையைத் தாண்டிப் பாசிக்குடாவுக்குப் போகும் வீதியில் ஒரேயொரு ஓட்டோ. முன்னால் ஒரு வாகனம் இல்லை, பின்னால் ஒரு சைக்கிள்கூட இல்லை. இரண்டு பக்கமும் வெள்ளம் நிற்கிறது. தவளைச் சத்தம்... மழைச் சத்தம்... இடையில் ஓட்டோவின் இருமல்.

கொஞ்சம் கிட்ட வாருங்கள். கதவோரம் இருக்கிறவர்களும் உள்ளே தள்ளி இருங்கள், கரண்ட் இப்போதைக்கு வரப்போவதில்லை. இது நம்முடைய தினுஷனின் பெரியம்மா மகள் மேர்லினுக்கு நடந்தது. தினுஷன் இங்கே இருந்தால் என்னை வாய் திறக்க விடமாட்டான். அவன் இல்லாதபடியால் சொல்கிறேன்.

சண்டை முடிந்து நாலு வருடம். கடல் வந்து, அதுதான் சுனாமி, ஒன்பது வருடம். பாசிக்குடாவில் ஹோட்டல்கள் மழைக்குக் காளான் முளைத்தாற்போல முளைத்துக்கொண்டிருந்த காலம். ஆனால் மார்கழியில் அங்கே வெள்ளைக்காரன் வரமாட்டான். கடல் கொந்தளிக்கும், அறைகள் எல்லாம் சும்மா கிடக்கும். அதனால் ஹோட்டல்காரர்கள் கிறிஸ்மஸுக்கு உள்ளூர்ச் சனத்துக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ராட்டினம், சறுக்கு, கலர் கலராய் மின்விளக்கு, நத்தார் தாத்தா. மேர்லினின் கணவன் தோமஸ் அந்த ஹோட்டல்களுக்கு ஆள் ஏற்றி இறக்குகிறவன் என்பதால் அவன் குடும்பத்துக்கு எல்லாம் இலவசம். இலவசம் என்று சொன்னபிறகு நாங்கள் மழையையா பார்ப்போம்?

ஆனால் மேர்லின் போனது விளக்குப் பார்க்க அல்ல. மகன் யூட்சனுக்கு இரண்டு வயது. சாப்பிடமாட்டான். சோற்றைக் கண்டால் வாயை இறுக்கிப் பூட்டிவிடுவான். கிளினிக்கில் தாதி வதனி மிஸ்ஸி தராசைப் பார்த்துவிட்டு, அடுத்த முறையும் நிறை குறைந்தால் ஆஸ்பத்திரி வாட்டில் மறிக்க வேண்டிவரும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பெற்றவளுக்கு அது எப்படி இருக்கும்? பத்துப் பேர் நடுவில் செவிட்டில் அறைந்தது போல இருந்ததாம். பராக்குக் காட்டினால் நாலு வாய் உள்ளே போகும் என்ற ஒரே நம்பிக்கையில், பருப்பும் சோறும் நெய் விட்டுக் குழைத்து ஒரு டப்பாவில் கட்டிக்கொண்டு அவள் புறப்பட்டாள்.

முதல் ஹோட்டலில் நத்தார் தாத்தாவின் பஞ்சுத் தாடி மழையில் நனைந்து ஒரு பக்கமாய்க் கழன்று தொங்கியது. யூட்சன் அதைப் பார்த்து வீரிட்டான். இரண்டாவதில் காற்றடைத்த பெரிய மாளிகை ஒன்று, பிள்ளைகள் துள்ளி விழுந்துகொண்டிருந்தார்கள். அவனும் துள்ளினான். ஆனால் ஒரு பருக்கை உள்ளே போகவில்லை.

மூன்றாவது, வரிசையில் கடைசி ஹோட்டல். கடலுக்கு மிகக் கிட்ட. அங்கே சனமே இல்லை. ராட்டினத்துக் குதிரைகளைப் பொலித்தீனால் மூடிக் கட்டியிருந்தார்கள். நீச்சல் குளத்தில் தண்ணீர் இல்லை. கேட்பார் இல்லாமல் ஒலிபெருக்கி ஒரே கிறிஸ்மஸ் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தது. புதுப் பெயின்ற் மணம்... அதற்கு அடியில் வேறொரு மணம். கரையில் ஒதுங்கி அழுகிய பாசியின் மணம்.

தோமஸ் மற்றச் சாரதிகளோடு காவல் கொட்டிலில் தேத்தண்ணி குடிக்க ஒதுங்கிவிட்டான். மேர்லின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊஞ்சல் பக்கம் போனாள். இரண்டு ஊஞ்சல்கள். ஒன்று அசையாமல் நின்றது. மற்றது ஆடிக்கொண்டிருந்தது. கிறீச்... கிறீச்... வாடைக் காற்று என்று நினைத்தாள். அதே காற்று பக்கத்து ஊஞ்சலை ஏன் தொடவில்லை என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

டப்பாவைத் திறந்தாள். யூட்சன் வாயைப் பூட்டினான். பிறகு ஆடுகிற ஊஞ்சலைப் பார்த்தான். விரலை நீட்டினான்.

"அக்கா" என்றான்.

பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும், சோறூட்டும்போது நாங்கள் சொல்லாத பொய் இல்லை. காகத்துக்கு ஒரு வாய், பூனைக்கு ஒரு வாய், நிலாவுக்கு ஒரு வாய். மேர்லினும் அந்தக் கணக்கில்தான் எடுத்தாள். "ஓம் மகன், அக்காவுக்கு ஒரு வாய் குடுப்பம். மறுகா உனக்கு ஒரு வாய்" என்று ஒரு சின்ன உருண்டை உருட்டி ஊஞ்சல் பலகையில் வைத்தாள். ஊஞ்சல் ஆடியது. உருண்டை விழவில்லை.

யூட்சன் வாயைத் திறந்தான்... மென்றான்... விழுங்கினான்.

மேர்லினுக்குக் கண் கலங்கிப்போயிற்று. அக்காவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. முக்கால் டப்பா காலி. பிறந்ததிலிருந்து அவன் இவ்வளவு சாப்பிட்டதில்லை. கடைசியில் மறுபடி வாயைப் பூட்டிக்கொண்டு ஊஞ்சலைக் காட்டிச் சிணுங்கினான். மிச்சத்தையும் ஊட்டிவிட வேண்டும் என்ற அவசரம் அவளுக்கு. அந்த அவசரத்தில்தான் சொன்னாள்:

"அக்காவையும் எங்கட வீட்ட கூட்டிக்கொண்டு போவம். ஒவ்வொரு நாளும் உன்னோட இருந்து சாப்பிடுவா. இப்ப வாயத் திற."

கிறீச் சத்தம் நின்றது. ஊஞ்சல் மெல்ல மெல்ல ஓயவில்லை. யாரோ இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றி நிறுத்தினாற்போல, சட்டென்று நின்றது.

அப்போதுதான் யோகராசா அந்தப் பக்கம் வந்தார். ஹோட்டல் முற்றம் கூட்டுகிற மனிதர், அந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவர். ஊஞ்சல் பலகையில் இருந்த சோற்று உருண்டைகளைக் கண்டதும் விளக்குமாற்றைக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றினார். கழற்றிவிட்டு, யாருக்குச் சோறு வைத்தீர்கள் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டினேன் என்று மேர்லின் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"நாங்க நாளைக்குத்தான் வைக்கிற தங்கச்சி. கடல் வந்த நாள். எங்கட புள்ளையள் கனபேர் இந்த இடத்தில போனதுகள். ஒவ்வொண்டாப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வைப்பம். சாப்பிட்டு முடிய, போயிற்று வா எண்டு சொல்லமாட்டம். போ எண்டுதான் சொல்ற. நீங்க போகச் சொன்னீங்களா?"

பாருங்கள், நாங்கள் எந்த வீட்டில் யாரை வழியனுப்பினாலும் போ என்று சொல்கிறோமா? போயிற்று வா என்றுதானே சொல்கிறோம். செத்தவர்களுக்கு மட்டும்தான் அந்த வெறும் சொல். மேர்லின் கத்தோலிக்கப் பிள்ளை. அவள் வீட்டில் இறந்தவர்களுக்கு மெழுகுதிரியும் பூசையும்தான், சோறு வைக்கும் வழக்கம் இல்லை. ஆனால் அவர் கேட்ட விதத்தில் அவள் பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டாள். வெறும் ஊஞ்சலைப் பார்த்துப் போ என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"ஓம் அண்ணன், சொன்னன்" என்று பொய் சொன்னாள்.

அந்த மனிதர் நம்பிவிட்டார். நம்பிச் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒரு சொல்... ஒரேயொரு சொல். அந்த இடத்தில் சொல்லியிருந்தால் நான் இன்றைக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பி வரும்போது கிரான் தாண்டியதும் தோமஸ் முணுமுணுக்கத் தொடங்கினான். ஓட்டோ ஒரு பக்கம் இழுக்கிறதாம், பின்னால் ஆள் கூட ஏற்றின மாதிரிப் பாரமாக இருக்கிறதாம். ரயரைப் பார்த்தான், காற்றுக் குறையவில்லை. யூட்சன் மேர்லினின் மடியில் நித்திரை. மழை உள்ளே அடிக்காமல் இரண்டு பக்கமும் படங்கு இறக்கிக் கட்டியிருந்தது. ஆனாலும் அவளுக்குப் பக்கத்து இருக்கை நனைந்திருந்தது. கையை வைத்துப் பார்த்தாள். கையில் மணல் ஒட்டியது.

வீட்டில் அடுத்த நாள் முதல் யூட்சன் சாப்பிட்டான். என்ன சாப்பாடு! ஆனால் ஒவ்வொரு வேளையும் முதல் வாய் அக்காவுக்கு. பாயின் மூலையில் ஓர் உருண்டை வைத்தால்தான் அவன் வாய் திறக்கும். சாப்பிட்டு முடிந்ததும் அந்த உருண்டையை எடுத்துக் கோழிக்குப் போட்டாள். கோழி கிட்ட வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஒரு நாள் மனம் கேட்காமல் மேர்லின் அதில் ஒரு பருக்கையை வாயில் வைத்துப் பார்த்தாள். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை, நெய்யும் இல்லை. வெறும் சக்கை.

தை மாதக் கிளினிக்குக்குச் சந்தோஷமாகத்தான் போனாள். தராசில் பிள்ளையை வைத்த வதனி மிஸ்ஸி முகத்தைச் சுளித்தார். நிறை இன்னும் குறைந்திருந்தது. பிள்ளைக்கு என்னத்தைக் கொடுக்கிறீர்கள் என்று ஏசினார். இரண்டு பேர் சாப்பாடு சாப்பிடுகிறான் என்று மேர்லின் சொல்ல வாயெடுத்தாள். சொல்ல வந்தது அவள் காதிலேயே ஒரு மாதிரி விழுந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்று மத்தியானம் மூலையில் உருண்டை வைக்கவில்லை. யூட்சன் வாயைப் பூட்டினான். இரவும் பூட்டினான். அடுத்த நாளும் பூட்டினான். காய்ச்சல் காய்ந்தது. அதன் பிறகுதான் தோமஸிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவனுக்கு வந்ததே ஒரு கோபம், படித்த பெண் பேசுகிற பேச்சா இது என்று கத்தினான். கத்திவிட்டு, தானே ஓட்டோவைத் திருப்பிப் பாசிக்குடாவுக்கு விட்டான்.

யோகராசா கேட்டுவிட்டு, மறுபடி செருப்பைக் கழற்றினார்.

"எங்கட புள்ளையளுக்குப் பேர் இருக்கு. கூப்பிட்டா வருங்கள், போ எண்டா போகுங்கள். ஆனா கடல் வந்த அண்டைக்கு இந்தக் கரையில ஒரு பொம்புளப் புள்ளையிர சடலம் எடுத்தம். ஆரும் தேடி வரல்ல. எந்த ஊர், ஆருர புள்ள, ஒண்டும் தெரியாது. அதுக்கு நாங்க பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்ல, போகச் சொன்னதும் இல்ல." பிறகு மேர்லினைப் பார்த்தார். "இவ்வளவு காலத்துக்கு அதை வா எண்டு கூப்பிட்டது நீங்க ஒராள்தான் தங்கச்சி. நாங்க சொல்லி அது போகாது."

பங்குச் சுவாமியைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து செபம் சொல்லி, வீடு முழுவதும் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். பாயின் மூலையில் தெளித்த தண்ணீர் மட்டும் காயவே இல்லை என்று மேர்லின் பிறகு சொன்னாளாம். அன்று இரவு காய்ச்சல் அனல் பறந்தது. விடியப்புறம் சட்டென்று விட்டது. உடம்பு குளிர்ந்து போயிற்று... தொட்டால் கிணற்றுத் தண்ணீர் மாதிரிக் குளிர்.

காலையில் யூட்சன் எழும்பி, தானாக அடுப்படிக்கு வந்து, வாயைத் திறந்துகொண்டு நின்றான்.

அக்காவைக் கேட்கவில்லை. மூலையைப் பார்க்கவில்லை. கொடுத்ததை எல்லாம் சாப்பிட்டான், இன்னும் கேட்டான். மாசி பிறக்கக் கன்னம் வைத்தது. கிளினிக்கில் வதனி மிஸ்ஸி மற்றத் தாய்மாருக்கு அவனைத் தூக்கிக் காட்டி, இப்படி வளர்க்க வேண்டும் என்று மெச்சினார். தோமஸ் கோயிலுக்குப் பெரிய மெழுகுதிரி கொண்டுபோய்க் கொளுத்தினான். எத்தனையோ நாளுக்குப் பிறகு மேர்லின் கண்ணுக்கு நித்திரை வந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் ஒரு மத்தியானம், சோறூட்டிக்கொண்டே, விளையாட்டாகக் கேட்டாள்:

"மகன், அக்கா எங்க? போயிற்றாவா?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான். அவளை நிமிர்ந்து பார்த்தான். அதுவரைக்கும் அவனுக்குத் தெரிந்தது அம்மா, அக்கா, வேணாம் என்று நாலைந்து சொல்தான். சோற்றுக் கோப்பைக்குள் கையை விட்டான். சோற்றைக் குழைத்தான். ஒரு பருக்கை சிந்தாமல், நாலு விரலால், எத்தனையோ காலம் தன் கையால் உண்டு பழகினவர்கள் மாதிரி ஓர் உருண்டை பிடித்தான். எழும்பிப் போய்ப் பாயின் மூலையில் வைத்தான்.

"தம்பிக்கு ஒரு வாய்" என்றான். திருத்தமாகச் சொன்னான். "தம்பி அழுறான் அம்மா. பசிக்குதாம்."

மேர்லின் இதைத் தோமஸுக்கு இன்றுவரை சொல்லவில்லை. அவள் வீட்டுக்குப் போனால் நீங்களே பார்க்கலாம், தோமஸ் வீட்டில் இல்லாத ஒவ்வொரு வேளையும் இரண்டு கோப்பை போடுவாள். முதலில் மூலைக்குத்தான். ஒருவரும் இல்லாத அந்த இடத்துக்குக் குனிந்து, யூட்சன், யூட்சன் என்று பேர் சொல்லிக் கூப்பிட்டு வைப்பாள். பாயில் இருக்கிற மற்றது அதுவரைக்கும் பொறுமையாக வாயைத் திறந்துகொண்டு இருக்கும்... நல்ல குண்டுப் பிள்ளை.

சோறு வைத்து முடிய, போ என்று சொல்லிவிடுவோமா என்று ஒவ்வொரு நாளும் அவளுக்கு வாய்வரைக்கும் வருமாம். இன்னும் சொல்லவில்லை. சொன்னால், இரண்டில் எது எழும்பிப் போகும் என்று அவளுக்குத் தெரியாது.