கடைசி ஆள்

விளக்கைக் கொஞ்சம் குறைத்துவிட்டு நெருங்கி உட்காருங்கள். இது நம் பிலிப்பின் அக்கா ஜெபினாவுக்கு நடந்தது. கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் பிலிப்பையே கேட்டுக்கொள்ளலாம். என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னான். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான்...

மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை, விடிந்தும் விடியாத ஆறு மணி. நாமெல்லாம் கடல் தாண்டிப் பிழைக்க வந்த இந்த ஆலன் ஊருக்குக் கிழக்கே ஆற்றை ஒட்டிப் போகும் ஒற்றை மண்பாதை. ஒரு வாரமாக மழை. அந்தப் பக்கத்து மண் நம் கோவில்பட்டிக் கரிசல் மாதிரி, பிடித்த காலை விடாது. "சேத்துல ஓடறதுதான் ஜாலி" என்று எல்லோரையும் கூட்டிப் போயிருந்தார், ஓட்டக் குழுவை நடத்தும் பசுபதி. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிற ஆள் அவர்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எல்லோருக்கும் கடைசியாக ஓட வேண்டும். யாராவது பின்தங்கிவிட்டால் நின்று கூட்டிக்கொண்டுதான் வர வேண்டும். ஜெபினாவின் கணவர் சைலஸ்தான் எப்போதும் கடைசி ஆள். ஜனவரியில் போய்விட்டார். மாரடைப்பு.

ஜெபினா அழவில்லை.

"வாய்விட்டு அழுதுடுக்கா" என்று பிலிப் கெஞ்சிப் பார்த்தான்.

"வர மாட்டேங்குதுடா. மரத்துப்போச்சு."

ஒரு முறையாவது அழுதுவிட வேண்டும் அவளுக்கு. அதற்காகத்தான் அவர் பார்த்த கடைசி ஆள் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மற்றவர்கள் வளைவைத் தாண்டிப் போய்விட்டார்கள். மரங்களுக்கு அடியில் இன்னும் இருட்டு. அழுகிய இலை நாற்றம். ஷூவுக்குள் சேறு புகுந்து, பாதம் இருப்பதே தெரியவில்லை. அப்போது பின்னால்...

சளக்... சளக்...

அவள் நின்றாள். அதுவும் நின்றது.

பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயம் வரவில்லை. மறுபடி நடந்தாள். சளக்... அவள் நடைக்குத் தோதாக, அவளை முந்தாமல். யாரையும் முந்தாமல் பின்னாலேயே வரத் தெரிந்த மனிதர் அவளுக்கு ஒருவர்தான்.

"நீங்களா?"

பிடரியில் ஈரக் காற்று பட்டது. அவள் திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவாரோ என்றிருந்தது.

"மெதுவா வாங்க. நான் இருக்கேன். வீட்டுக்குப் போலாம்."

கார் நிறுத்துமிடத்தில் பசுபதி பொங்கல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கடைசி ஆளிடம் கேட்டே ஆக வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

"பின்னாடி யாரும் இல்லல்ல, ஜெபினா?"

"ஒருத்தர் இருக்கார். நான் கூட்டிட்டுப் போறேன்."

பசுபதி அவளுக்குப் பின்னால் பார்த்தார். கரண்டி கையிலேயே நின்றது. என்ன பார்த்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை. அடுத்த வாரமே குழுவைக் கலைத்துவிட்டார்.

சாயங்காலம்தான் ஜெபினா கவனித்தாள். கராஜிலிருந்து படுக்கையறை வரை சேற்றுத் தடம். சைலஸ் படுக்கும் பக்கத்தில் போய் முடிந்திருந்தது. வெறுங்கால். சின்னக் கால்... ஐந்து வயதுக் குழந்தையின் கால். அவள் துணியை நனைத்து, துடைத்துவிட்டுப் படுத்தாள்.

விஷயம் தெரிந்து பிலிப் பதறிப்போய் அவள் வீட்டுக்கு ஓடினான். "பாஸ்டரக் கூப்பிடலாம்க்கா."

"வேண்டாம். அது அவர் இல்லன்னு எனக்கும் தெரியும். ஆனா என்னை நம்பி வந்துடுச்சு. எம் பின்னாடி வர வேற யாருடா இருக்கா?"

ஒவ்வொரு சனிக்கிழமையும் தடம் வந்தது. மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் பெரிதாக.

போன வாரம் பிலிப் போனபோது தரை சுத்தமாக இருந்தது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

"நின்னுடுச்சாக்கா?"

ஜெபினா ஷூ அலமாரியைக் காட்டினாள். சைலஸ் ஓடும்போது போடும் ஷூ. ஜனவரியிலிருந்து யாரும் தொடாதது. அடியெல்லாம் கரிசல் சேறு, காயாத ஈரம். பிலிப் உள்ளே கையை விட்டுப் பார்த்தான். அப்போதுதான் கழற்றி வைத்த மாதிரி, சூடாக இருந்தது.

"சரியாப் பொருந்திடுச்சுடா" என்றாள் ஜெபினா. அவள் அழுதுகொண்டிருந்தாள்.