பள்ளத்தைத் தாண்டியது யார்?

— சரி சரி, சத்தம் போடல. மெதுவாவே கேக்குறேன், எஸ்தர். நான் கித்துல்கலையில வேலையில இருக்கிற நேரம் இந்தக் காம்பரா வீட்டுக்குள்ள யாரு வந்து போறது?

— யாரு வருவா? மழதான் வருது, தகரத்து ஓட்ட வழியா.

— நக்கலா? டீவியப் பாரு. போன மாசம் லீவுல வந்தப்ப, நம்ம ஆளு பள்ளத்துல விழுந்து ஏற வழியில்லாம கெடந்தான். அப்படியே நிப்பாட்டிட்டுப் போனேன். இப்ப பள்ளத்தத் தாண்டி ஆத்தங்கரையில நிக்கிறான். தானா நடந்து போனானா?

— ஒரு பழைய கேமுக்கா இவ்ளோ ஆத்திரம்?

— பழசுதான். ஆனா இந்தக் காலத்துக் கேம் மாதிரி அம்புக்குறி போட்டு, இங்க போ அங்க போன்னு கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போகாது. குகைக்குள்ள எறக்கி விட்டுட்டு வாயே தொறக்காது. முன்ன எப்பவோ பாத்த பூட்டுன கதவு, ரொம்ப நாள் கழிச்சு ஒரு சாமான் கெடச்சாத்தான் தொறக்கும். தேடித் தேடிப் போறதுதான் ருசி. வெவரம் தெரிஞ்ச ஒருத்தன்தான் அந்தப் பள்ளத்தத் தாண்டுவான். கன்னையா மகன் நிரோஷன்தானே?

— அவன் ஏங்க இங்க வர்றான்?

— ஃபோன் ரிப்பேர் பண்றவன். இதெல்லாம் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. நம்ம வீட்ல என்ன, புள்ளையா குட்டியா இருக்கு ஆடுறதுக்கு?

— அதச் சொல்லிக் காட்டாம உங்களால இருக்க முடியாது.

— வாய் தவறி வந்திருச்சு. பேச்ச மாத்தாத. யாரு?

— நான்தான்.

— நீயா! சரி, அப்ப சொல்லு. பள்ளத்துலருந்து எப்புடி ஏறுன?

— ஏறவே இல்ல. கீழ் மூலையில செவத்த ஒடச்சேன். எந்தச் செவரு ஒடையும்னு அது சொல்றதே இல்ல, அதுதான் அதோட பெரிய குத்தம். மேப்பும் கெடையாது. எல்லா ரூமும் நம்ம தோட்டத்து லயத்துக் காம்பராங்க மாதிரி ஒரே அச்சு. செத்தா அரை உசுரோட கொண்டுபோய் விட்ரும், அத நெரப்பவே பொழுது போயிரும். நீங்க சொல்ற ருசியில பாதி வெறும் அலைச்சல்ங்க.

— இவ்ளோ எப்ப கத்துக்கிட்ட?

— மழையில மரப்பட்ட நனைஞ்சிருந்தா ரப்பர் பால் வெட்ட விடுவாங்களா? கதவச் சாத்திக்கிட்டு ஒவ்வொரு செவரா சுட்டுப் பாத்தேன்.

— அட என் எஸ்தரு! நான் என்னென்னமோ நெனச்சிட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயின்னு சும்மாவா சொன்னாங்க. மன்னிச்சிக்க.

— தன்னப் போலத்தானே மத்தவங்களையும் நெனைக்கத் தோணும். நீங்க கேக்கணும்னுதான் உங்க பேருல ஆடுனேன்.

— என்னடி சொல்ற?

— இந்த கேம் மெஷின அங்க வச்சிருந்துட்டு, கிறிஸ்மஸுக்குத்தானே கித்துல்கலையிலருந்து கொண்டாந்தீங்க. ஆமா, இங்க ருவான்வெல்லையிலருந்து அது என்ன கண்காணாத தூரமா? மாசத்துக்கு ஒரு தடவதான் வர முடியுதுங்கிறீங்க.

— ஆத்துல போட் ஓட்ட வெள்ளக்காரங்க வந்துட்டே இருக்காங்க. மொதலாளி மாத்தயா லீவு தர மாட்டாரு. அதுக்கும் இதுக்கும் என்ன?

— அதுல மூணு பேரு பேர் போட்டு ஆடலாம். மேல மெல்வின்னு உங்க பேரு. நடுவுல காலி. கீழ லோரன்ஸ்னு இருக்கு.

— அது... அது எங்கப்பா பேரு. சும்மா போட்டு வச்சிருப்பேன்.

— மாமா பேருதான். நமக்கு மூத்தது பையனாப் பொறந்தா அந்தப் பேரத்தான் வைக்கணும்னு கல்யாணத்தன்னைக்கே சொன்னீங்க.

— எஸ்தர், இங்க பாரு...

— எத்தன தடவ செத்தான்னு பேருக்குப் பக்கத்துலயே போட்டிருக்குங்க. மொதக் கதவக் கூடத் தாண்டல. தாவத் தெரியாம விழுந்து விழுந்து செத்திருக்கான். பெரியவங்க யாரும் அப்படி ஆட மாட்டாங்க. சொல்லுங்க, புள்ளைக்கு இப்ப என்ன வயசு?