குழாய் இருந்தது, தொட்டி இல்லை

எனது பெயர் ஜெர்மேன் பெல்ட்டியே. வயது எழுபத்து நான்கு. காலஞ்சென்ற லியோனல் பெல்ட்டியேயின் மனைவி. மெய்ன் மாநிலத்தின் வட எல்லையில், ஆற்றோரத் தெருவில், என் மாமனார் கட்டிய மர வீட்டில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். மேற்படி வீட்டு நிலவறையில் எண்ணெய் கொட்டியது சம்பந்தமாக விசாரித்த அதிகாரியிடம், யார் தூண்டுதலும் இன்றி நான் சொல்வதாவது:

கல்யாணமாகி வந்த நாள் முதல் எங்கள் வீட்டுக்குச் சூடு தந்தது எண்ணெய்க் கொதிகலன்தான். எண்ணெய் லாரி ஓட்டும் நார்மண்ட் வூலெட், வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயில் ஹோஸை மாட்டி நிலவறைத் தொட்டிக்கு எண்ணெய் விடுவார். தொட்டி நிரம்பும்வரை பக்கத்துக் காற்றுக்குழாயில் விசில் அடிக்கும், நிரம்பியதும் நின்றுவிடும். விசிலே வராவிட்டால் உடனே பம்பை நிறுத்த வேண்டும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. விசில் நின்றதும் என் கணவர், "அடியே, பய வந்துருவான், ப்ளாயக் கல்லுல போடு" என்பார். நார்மண்ட் பூட்ஸில் உள்ள பனியை உதறாமல் உள்ளே வந்து என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு, ப்ளாய் என்கிற அந்த அப்பத்தைச் சுடச்சுட வெண்ணெயும் மேப்பிள் பாகும் தொட்டுச் சாப்பிடுவார். கணவர் இறந்த பிறகும் நார்மண்ட் வந்தார். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது, இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு சென்ற ஆண்டு கொதிகலன் ஓட்டையாகிவிட்டது. அதேபோல் புதிதாக ஒன்று வைக்கலாம் என்றேன். மகள் மோனிக் கேட்கவில்லை. மரத்தூள் கட்டி எரிக்கும் அடுப்புக்கு மூட்டை தூக்க என்னால் ஆகாது. வீடு முழுக்கச் சூடான காற்று போகும் குழாய் போட வேண்டுமானால் பழைய சுவர்களை உடைக்க வேண்டும், அதற்கு நான் சம்மதிக்கவில்லை. கடைசியில் சுவரில் மாட்டும் ஹீட் பம்ப் என்று முடிவானது. குளிர்காலத்தில் சூடும், கோடையில் குளிர்ச்சியும் அதுவே தரும். "போன ஜூலைல மாடியில வெந்து கெடந்தியே அம்மா, மறந்துட்டியா?" என்றாள். மறக்கவில்லை. அந்த மெஷின் மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை, வீடு இத்தனை கதகதப்பாக என்றைக்கும் இருந்ததில்லை.

அதன் பிறகு தொட்டியை அறுத்து எடுத்துப் போனார்கள். வெளிக்குழாயையும் பிடுங்கி அடைக்க வேண்டும் என்று மெக்கானிக் சொன்னதற்கு, "அது பாட்டுக்குக் கெடக்கட்டும்பா" என்று அனுப்பிவிட்டேன். நாங்கள் கேட்காமலே வழக்கமாக லாரி அனுப்பும் எண்ணெய்க் கம்பெனிக்குப் போன் செய்து நிறுத்தச் சொல்லும் வேலையையும் மகளிடமிருந்து நானே வாங்கிக்கொண்டேன். போன் செய்யவில்லை. எண்ணெய் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன், நார்மண்ட் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. லாரி வந்ததும் வாசலுக்குப் போய் விஷயத்தைச் சொல்லி, சாப்பிடக் கூப்பிடலாம் என்றிருந்தேன்.

அதன் பிறகு சென்ற செவ்வாய்க்கிழமை காலை லாரி வந்தது. நான் கோட்டைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போவதற்குள் அவர் ஹோஸை மாட்டி, பம்பைப் போட்டு, நிறுத்தியும் விட்டார். காற்றுக்குழாயில் காதை வைத்துக்கொண்டு நின்றார்.

"விசில் வரலியே ஜெர்மேன்?"

"தொட்டியே இல்ல நார்மண்ட்."

"அத போன்ல சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நீ வருவியா?"

அவர் ஹோஸைக் கழற்றி லாரியில் சுருட்டி வைத்தார். அதன் பிறகு நிலவறைக்கு இறங்கிப் போய், கொட்டிய எண்ணெய்மேல் மணலைப் போட்டார். ப்ளாய் சாப்பிடாமலே போய்விட்டார்.

கொட்டியது ஒரு பக்கெட் அளவுதான். விசிலைக் கவனிக்காத வேறு யாராவது வந்திருந்தால் நிலவறையே நிறைந்திருக்கும். நார்மண்ட் குடித்திருந்ததாக எழுதிக் கம்பெனி அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருப்பதாக அறிகிறேன். அப்படி எழுதியவன் முதலில் தன் வாயைக் கழுவட்டும். இதை அப்படியே பதியும்படி கேட்டுக்கொள்கிறேன். தவறு முழுவதும் என்னுடையது, அவருக்கு வேலை திரும்பக் கிடைக்க வேண்டும்.

என்னை இந்த அலுவலகத்துக்கு யார் அழைத்து வந்தது என்று அதிகாரி கேட்டார். நார்மண்ட்தான், தன் சொந்தக் காரில். நான் கூப்பிடவில்லை. வழியில் இந்த வழக்கைப் பற்றி இருவரும் பேசவில்லை. ப்ளாய்க்கு மாவு கரைத்து வைத்திருக்கிறேனா என்று மட்டும் கேட்டார்.

மேலே கண்டதைப் படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நான் சொன்னதே, எல்லாம் உண்மையே. மாவு கரைத்து வைத்துவிட்டு வந்திருப்பதால், என்னைச் சீக்கிரம் அனுப்பும்படி வேண்டுகிறேன்.

(ஒப்பம்) ஜெர்மேன் பெல்ட்டியே